நேரத்திற்கு ஒரு விலை: மின்கட்டண வரலாறு நம் வீடுகளுக்குச் சொல்லும் பாடம்



2025ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தீபகற்ப மலேசியாவில் புதிய மின்கட்டண அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதில் வீட்டுப் பயனீட்டாளர்களுக்குப் புதியதொரு வாய்ப்பு வழங்கப்பட்டது. திறன் மீட்டர் பொருத்தப்பட்ட வீட்டினர் விரும்பினால், மின்சாரத்தைப் பயன்படுத்தும் நேரத்திற்கேற்ப விலை மாறும் கட்டண முறைக்கு மாறிக்கொள்ளலாம். வேலை நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்சநேரம். அப்பொழுது விலை கூடுதல். மற்ற நேரங்களிலும் வார இறுதியிலும் பொது விடுமுறை நாள்களிலும் விலை குறைவு.

அன்று முதல் பெற்றோர்கள் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டு வருகின்றனர். "சார், இதற்கு மாறலாமா? மாறினால் பிள்ளைகள் இரவில் படிக்க விளக்குப் போடுவதற்குக்கூட யோசிக்க வேண்டுமா?" என்பது அவர்களின் கவலை. நான் மின்பொறியாளன் அல்லன். வரலாறு படிப்பதில் நாட்டமுள்ள ஓர் ஆசிரியன். ஆயினும், இந்தக் கேள்விக்கு வரலாற்றில் நல்ல விடைகள் உள்ளன. நேரத்திற்கு ஒரு விலை என்பது நேற்று முளைத்த கருத்தன்று. அதற்கு நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட கதை உண்டு. விலையை மாற்றினால் வீட்டுப் பழக்கம் மாறுமா, மாறினால் எவ்வளவு மாறும், யாருக்கு நன்மை, யாருக்குச் சுமை என்பனவற்றைப் பல நாடுகள் செய்து பார்த்துவிட்டன. அவற்றைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேமிக்க முடியாத சரக்கு

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. அரிசியைக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கலாம். தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். மின்சாரத்தைப் பேரளவில் அப்படிச் சேர்த்து வைப்பது நெடுங்காலமாக இயலாத செயலாகவே இருந்து வந்தது. இன்று பெரிய மின்கலன்கள் வந்துவிட்டபோதிலும், நாட்டுக்குத் தேவையான மின்சாரத்தின் பெரும்பகுதி அது பயன்படுத்தப்படும் அதே நொடியில்தான் உற்பத்தி செய்யப்படுகிறது. நாம் சுவிட்சைத் தட்டும்பொழுது எங்கோ ஒரு மின்நிலையம் அதற்கு ஈடுகொடுக்கிறது.

இதன் விளைவு என்ன? ஆண்டு முழுவதற்கும் எத்தனை யூனிட் தேவை என்பது மட்டும் மின்நிலையம் கட்டுபவர்களுக்குப் போதாது. ஆண்டிலேயே மிக அதிகமாக மின்சாரம் கேட்கப்படும் அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தேவை என்பதையும் அவர்கள் அறிந்தாக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்திற்காகக் கட்டப்படும் இயந்திரங்கள் ஆண்டின் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கும். தீபாவளிக்கு வரும் உறவினர்களை மனத்தில் வைத்து இருபது அறைகளுடன் வீடு கட்டுவதைப் போன்றது இது. கட்டிய கடனையோ ஆண்டு முழுவதும் செலுத்த வேண்டும்.

பிரைட்டன் நகரத்துக் கண்ணாடிக் குழாய்

இவ்வுண்மையை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் ஜான் ஹாப்கின்சன் என்னும் ஆங்கிலப் பொறியாளர். 1892ஆம் ஆண்டு அவர் ஆற்றிய உரையொன்றில் மின்சாரத்தின் செலவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, எந்நேரமும் ஆயத்தமாக இருப்பதற்கான செலவு. மற்றொன்று, உண்மையில் உற்பத்தி செய்யும்பொழுது எரியும் நிலக்கரிக்கான செலவு. அக்காலத்தில் மின்சாரம் பெரும்பாலும் விளக்கு எரிப்பதற்கே பயன்பட்டது. ஆதலால் மாலையில் சில மணி நேரம் மின்நிலையம் மூச்சுத் திணறும். பகலில் வேலையின்றிக் கிடக்கும்.

பிரைட்டன் நகரில் பணியாற்றிய ஆர்தர் ரைட் என்பவர் இதற்கு ஒரு கருவி கண்டார். கண்ணாடிக் குழாயும் அதனுள் நீர்மமும் கொண்ட அக்கருவி, ஒரு வீட்டில் ஒரே சமயத்தில் அதிகம் பயன்படுத்தப்பட்ட மின்னோட்டம் எவ்வளவு என்பதைக் காட்டியது. அந்த அளவை வைத்துக் கட்டணம் கணக்கிடப்பட்டது. சிக்காகோ நகரின் மின்நிறுவனத்தை நடத்திய சாமுவேல் இன்சல் 1890களில் இம்முறையை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்.

ஆனால் அக்கருவியில் ஒரு குறை இருந்தது. 'எவ்வளவு' என்பதை அது அறிந்தது. 'எப்பொழுது' என்பதை அறியவில்லை. ஊரே உறங்கும் நள்ளிரவில் அதிகம் பயன்படுத்தியவருக்கும், ஊரே விளக்கேற்றும் மாலையில் அதிகம் பயன்படுத்தியவருக்கும் ஒரே கணக்குதான். நேரத்தை அளக்கும் மீட்டருக்கு விலை அதிகம். ஒரு வீட்டில் சில விளக்குகளே எரிந்த காலத்தில், அந்த மீட்டரின் விலை அதனால் கிடைக்கும் சேமிப்பை விழுங்கிவிடும். இந்தச் சிக்கல் பின்னரும் தலைதூக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மண்ணில்

அதே காலக்கட்டத்தில்தான் மலாயாவிலும் மின்சாரம் தோன்றியது. 1894ஆம் ஆண்டு ரவாங்கில் ஓர் ஈய லம்பத்தில் மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டது. அந்த முயற்சியின் பின்னால் இருந்தவர்கள் லோக் இயூ, கே. தம்புசாமி பிள்ளை ஆகிய இருவர். ஆம், கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தோடும் பத்துமலையோடும் நாம் இணைத்துப் பேசும் அதே தம்புசாமி பிள்ளைதான். இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதல் பக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் இருப்பதை நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பின்னர், பேராக் ஆற்றில் செண்டரோ நீர்மின்நிலையம் 1930இல் இயங்கத் தொடங்கியது. 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம், அதாவது லெம்பாகா லெத்ரிக் நெகாரா, எனப் பெயர் மாறியது. 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனம் அதன் பணிகளை ஏற்றது.

நம் தோட்டப்புறங்களுக்கு இந்தப் பொது மின்சாரம் வெகுநாள் கழித்தே வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு பல தோட்டங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர்தான் லயத்து வீடுகளுக்கு வெளிச்சம் தந்தது. மாலையில் ஓடத் தொடங்கி, இரவில் குறித்த நேரத்தில் அது நின்றுவிடும். விளக்கு அணையும் முன் வீட்டுப்பாடத்தை முடித்துவிட வேண்டும் என்று பரபரத்த தலைமுறை இன்று நம் பிள்ளைகளின் தாத்தா, பாட்டியாக இருக்கிறது. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மின்சாரத்திற்கும் கடிகாரத்திற்கும் உள்ள தொடர்பு அவர்களுக்குப் புதிதன்று. அன்று நேரத்தைக் கட்டுப்படுத்தியது ஜெனரேட்டரின் விசை. இன்று அதே வேலையை விலை செய்யப் பார்க்கிறது. விசைக்கு எல்லாரும் பணிந்தார்கள். விலைக்குப் பணிவார்களா என்பதுதான் கேள்வி.

குளிர் முடிந்த பிறகு வந்த சேதி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் மின்நிலையங்கள் போதவில்லை. குளிர்காலத்தில் வீடுதோறும் மின்கணப்புகள் எரிந்தன. மின்தடை அடிக்கடி ஏற்பட்டது. சர் ஆண்ட்ரு குளோ தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1948-49 குளிர்காலத்தில் வீட்டு மின்சாரத்தின் விலை உயர்த்தப்பட்டது. கோடையில் குறைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மக்களின் கடும் வெறுப்பைச் சம்பாதித்த அத்திட்டம் ஒரே குளிர்காலத்தோடு கைவிடப்பட்டது.

ஏன் தோற்றது என்று எண்ணிப் பார்ப்போம். அந்நாட்டில் வீட்டு மின்கணக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருவது வழக்கம். கணப்பு எரிந்த நாளில் விலை கண்ணுக்குத் தெரியாது. பில் வரும்பொழுது குளிரே விடைபெறத் தொடங்கியிருக்கும். மாணவன் தேர்வு எழுதி முடித்த பிறகு கேள்விக்கு உரிய மதிப்பெண்ணைச் சொல்வது போன்றது இது. மேலும் குளிரில் நடுங்கும் வீட்டினருக்கு வேறு வழியும் காட்டப்படவில்லை. அறியும் வாய்ப்பும் மாற்று வழியும் இல்லாதபொழுது, விலை உயர்வு வெறும் தண்டனையாகவே படும்.

இயந்திரம் விழித்திருக்க மனிதன் உறங்கினான்

அதே பிரிட்டன் பின்னர் வேறொரு வழியைக் கண்டது. 1960களில் வெப்பச் சேமிப்புக் கணப்புகள் பரவின. உள்ளே கனத்த கற்கள் அடுக்கப்பட்ட பெட்டி அது. இரவில் மலிவு விலை மின்சாரத்தால் அக்கற்கள் சூடேறும். பகல் முழுவதும் அந்தச் சூடு மெல்ல வெளிவரும். 1978இல் 'எக்கானமி 7' என்னும் கட்டண முறை அறிமுகமானது. இரவில் ஏழு மணி நேரத்திற்குக் குறைந்த விலை. பகலில் சற்றுக் கூடுதல் விலை. இலட்சக்கணக்கான வீடுகள் இதில் சேர்ந்தன.

பிரான்சு நாட்டின் கதை இன்னும் சுவையானது. அங்கே மார்செல் புவாத்தோ என்னும் பொருளியல் அறிஞர், உச்சநேரத்தில் மின்சாரத்திற்கு என்ன விலை வைப்பது நியாயம் என்பதைக் கணித முறையில் ஆராய்ந்து 1949இல் கட்டுரை வெளியிட்டார். அவரே பின்னாளில் அந்நாட்டின் தேசிய மின்நிறுவனத்திற்குத் தலைவரானார். முதலில் பெரிய தொழிற்சாலைகளுக்கும், 1960களில் வீடுகளுக்கும் நேர அடிப்படையிலான விலை வந்தது. இரவில் விலை குறையும் நேரம் தொடங்கியதும், மின்கம்பி வழியாகவே ஒரு குறிப்பொலி அனுப்பப்படும். அதைப் பெற்றவுடன் வீட்டிலுள்ள வெந்நீர்த் தொட்டி தானாகவே இயங்கத் தொடங்கும். வீட்டார் யாரும் கண்விழிக்க வேண்டியதில்லை. காலையில் குளிக்க வெந்நீர் ஆயத்தமாக இருக்கும்.

இவ்விரு நாடுகளிலும் வீட்டு மின்சாரப் பயன்பாடு உண்மையாகவே இரவுக்கு நகர்ந்தது. காரணம், மக்கள் திடீரென்று சிக்கனக்காரர்களாக மாறியதன்று. சூட்டைச் சேமித்து வைக்க ஒரு பொருளும், நேரம் பார்த்து இயக்க ஒரு கருவியும் அவர்களுக்குக் கிடைத்தன. அவ்வளவுதான். அவ்வசதி இல்லாமல் எக்கானமி 7இல் சிக்கியவர்களின் நிலை வேறு. சேமிப்புக் கணப்பு இல்லாத வீட்டினர் பகலில் கூடுதல் விலை கொடுத்தார்கள். இரவின் மலிவு அவர்களுக்குப் பயன்படவில்லை.

நீலம், வெள்ளை, சிவப்பு

1990களின் நடுப்பகுதியில் பிரான்சில் 'தெம்போ' என்னும் கட்டண முறை வந்தது. ஆண்டின் நாள்கள் மூன்று நிறங்களாகப் பிரிக்கப்பட்டன. நீல நாள்கள் 300. விலை மிகக் குறைவு. வெள்ளை நாள்கள் 43; விலை நடுத்தரம். சிவப்பு நாள்கள் 22; அந்நாள்களில் பகல் விலை பல மடங்கு உயரும். சிவப்பு நாள்கள் குளிர்கால வேலை நாள்களில் மட்டுமே வரும். நாளை என்ன நிறம் என்பது முந்திய நாளே தெரிவிக்கப்படும்.

ஓர் ஆசிரியன் என்ற முறையில் இம்முறை என்னைப் பெரிதும் கவர்ந்தது. வீட்டுக்கு மின்சார அட்டவணையை விளக்கிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. 'நாளை சிவப்பு' என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கும் விளங்கும். ஆண்டு முழுவதும் கட்டுப்பாடாக இரு என்று கேட்டால் எந்தக் குடும்பமும் சில வாரங்களில் சலித்துவிடும். 22 நாள்கள் மட்டும் பொறுத்துக்கொள் என்றால் அது இயலக்கூடியதே.

கலிபோர்னியாவில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் நடந்த சோதனையும் இதையே காட்டியது. நெருக்கடியான சில நாள்களில் மட்டும், முன்கூட்டியே அறிவித்து, உச்சநேர விலையைப் பல மடங்கு உயர்த்தினார்கள். அந்நாள்களின் உச்சநேரத்தில் வீடுகளின் பயன்பாடு சராசரியாக ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்தது.

ஒரு தோல்வி, ஒரு வெற்றி

எல்லாச் சோதனைகளும் இப்படி முடியவில்லை. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் பியூஜெட் சவுண்ட் எனர்ஜி நிறுவனம் 2001இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் பயனீட்டாளர்களை நேர அடிப்படையிலான கட்டணத்தில் சேர்த்தது. மக்கள் முயன்றார்கள், துவைப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் இரவுக்குத் தள்ளினார்கள். ஆனால் உச்சநேர விலைக்கும் மற்ற நேர விலைக்கும் இடையே வேறுபாடு மிகச் சிறியது. 2002இல் மீட்டர் கணக்கெடுக்கும் செலவுக்காக மாதம் ஒரு டாலர் கட்டணமும் சேர்ந்தது. கணக்குப் பார்த்தபொழுது பத்தில் ஒன்பது பேர் பழைய கட்டணத்தில் இருந்தால் செலுத்தியிருப்பதைவிட அதிகமாகவே செலுத்தியிருந்தனர். அவ்வாண்டு நவம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. பிரைட்டன் காலத்தில் நாம் கண்ட அதே சிக்கல்: சேமிப்பை மீட்டரின் செலவு விழுங்கிவிட்டது. உழைத்தும் பலன் கிட்டாதபொழுது மக்கள் நம்பிக்கை இழக்கின்றனர். வகுப்பறையிலும் நாம் காணும் உண்மைதானே இது!

அயர்லாந்து இன்னொரு வகையில் நமக்கு முன்மாதிரியாகிறது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கு ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகளில் சோதனை நடந்தது. உச்சநேரம் வேலை நாள்களில் மாலை 5 மணி முதல் 7 மணி வரை மட்டுமே. நேர விவரம் அச்சிட்ட காந்த அட்டை ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்கக் கொடுத்தார்கள். மொத்தப் பயன்பாடு 2.5 விழுக்காடும், உச்சநேரப் பயன்பாடு 8.8 விழுக்காடும் குறைந்தன. பயன்பாட்டை உடனுக்குடன் காட்டும் சிறுதிரை வைக்கப்பட்ட வீடுகளில் உச்சநேரக் குறைவு 11.3 விழுக்காடாக இருந்தது. விலையோடு அறிவும் சேர்ந்தபொழுது பலன் கூடியது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

நம் வீட்டுக் கணக்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் தொழிற்சாலைகளுக்கும் பெரிய வணிக நிலையங்களுக்கும் உச்சநேரம், மற்ற நேரம் என்ற இரட்டை விலை நெடுங்காலமாக இருந்து வந்தது. வீடுகளுக்கு 2025இல்தான் வந்தது.

2025 ஜூலை அட்டவணைப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்குப் பொதுக் கட்டணத்தில் ஒரு யூனிட்டின் எரிசக்தி விலை 27.03 சென். நேர அடிப்படையிலான கட்டணத்தில் உச்சநேர விலை 28.52 சென், மற்ற நேர விலை 24.43 சென். பில்லில் இடம்பெறும் கொள்திறன் கட்டணமும் கட்டமைப்புக் கட்டணமும் இரண்டு முறையிலும் ஒன்றே. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க இம்மூன்று எண்கள் போதும்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் தரக்கூடிய கணக்கு இது. மாதம் 600 யூனிட் பயன்படுத்தும் ஒரு குடும்பம், அதில் 40 விழுக்காட்டை உச்சநேரத்தில் பயன்படுத்துகிறது எனக் கொள்வோம். பொதுக் கட்டணத்தில் அதன் எரிசக்திச் செலவு 162 ரிங்கிட் 18 சென். புதிய முறையில் 156 ரிங்கிட் 40 சென். எந்தப் பழக்கத்தையும் மாற்றாமலே 5 ரிங்கிட் 78 சென் மிச்சம்!

அதே குடும்பம் முயன்று 60 யூனிட் பயன்பாட்டை உச்சநேரத்திலிருந்து வேறு நேரத்திற்கு மாற்றினால் மேலும் 2 ரிங்கிட் 45 சென் மிச்சமாகும். அதாவது சும்மா இருந்து கிடைப்பது ஏறத்தாழ ஆறு வெள்ளி. பாடுபட்டுக் கிடைப்பது இரண்டரை வெள்ளி.

எந்த வீட்டுக்கு இம்முறை நட்டம் தரும்? கணக்கிட்டுப் பார்த்தால், மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ 63 விழுக்காட்டிற்கு மேல் உச்சநேரத்தில் பயன்படுத்தும் வீட்டுக்குத்தான். ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் உச்சநேரம் 40 மணி மட்டுமே. இரவில் குளிர்சாதனமும் நாள் முழுவதும் குளிர்பதனப் பெட்டியும் இயங்கும் வீடுகளில் அந்த எல்லையை எட்டுவது அரிது. பிற்பகலில் பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லங்களும், வீட்டிலேயே பிற்பகல் முதல் பிரத்தியேக வகுப்பு நடத்துவோரும் மட்டும் கவனமாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

எனவே, 'மாறலாமா?' என்று கேட்கும் பெற்றோருக்கு என் விடை: திறன் மீட்டர் இருந்தால், கணக்குப் பார்த்துவிட்டு மாறலாம். ஆனால் இவ்விலை வேறுபாடு நம் பழக்கத்தைப் பெரிதாக மாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை. ஒரு யூனிட்டுக்கு வேறுபாடு நான்கு சென்னுக்குச் சற்று மேல். ஒருமுறை துணி துவைப்பதை இரவு பத்து மணிக்குப் பின் தள்ளினால் மிச்சமாவது பெரும்பாலும் அந்த நான்கு சென்னுக்கும் குறைவே. வரலாறு காட்டும் வழியில் பார்த்தால், சிறிய விலை வேறுபாடும் எட்டு மணி நேர நீளமுள்ள உச்சநேரமும் சேர்ந்த திட்டம், குடும்பத்தின் நடைமுறையை அசைக்கும் வலிமை பெறுவது கடினம்.

யார் கண்விழிப்பது?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'வேலையை இரவுக்கு மாற்றுங்கள்' என்று அறிவுரை கூறுவது எளிது. நம் வீடுகளில் அந்த வேலை யாருடையது? காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் சென்று திரும்பும் தாய், இரவு பத்து மணிக்கு மேல் துவைக்கத் தொடங்கினால் எப்பொழுது உறங்குவார்? நான்கு சென்னுக்காக ஒரு மணி நேர உறக்கத்தை விற்பது சிக்கனமாகாது. அடுக்குமாடி வீட்டில் நள்ளிரவில் சுழலும் இயந்திரம் அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் கெடுக்கும். துவைப்பதற்கு வார இறுதி இருக்கிறது. அப்பொழுது நாள் முழுவதும் மலிவு விலைதான்.

அவ்வாறே, பிள்ளைகள் படிக்கும் விளக்கு. ஒரு எல்இடி விளக்கு 10 வாட் என்றால், நூறு மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட். மாதம் முழுவதும் மாலை வேளைகளில் படித்தாலும், உச்சநேர விலையால் கூடுவது ஒரு சில சென் மட்டுமே. ஆகவே பெற்றோர்களே, கட்டணத்தைக் காரணம் காட்டிப் படிப்பு விளக்கை அணைக்கவே அணைக்காதீர்கள். நோயாளிக்கு வேண்டிய கருவிகளும், முதியோர் அறையின் மின்விசிறியும் இதே வரிசையில் வருவன.

கவனிக்க வேண்டியவை வேறு. குளிர்சாதனம், வெந்நீர்க் கருவி, துணி தேய்த்தல், துணி உலர்த்தும் இயந்திரம் ஆகியவையே வீட்டு மின்சாரத்தில் கனமானவை. ஒரு வாரத்துப் பள்ளிச் சீருடைகளை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் தேய்த்து வைக்கலாம். நேரங்காட்டி உள்ள இயந்திரங்களை அதிகாலைக்கு அமைத்துவிட்டு உறங்கலாம். ஆனால் துணி உலர்த்தும் இயந்திரத்தை ஆளில்லாமல் ஓடவிடுவது பாதுகாப்பன்று. மாலையில் குளிர்சாதனத்தின் வெப்பநிலையை ஓரிரு பாகை உயர்த்தி, மின்விசிறியைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரான்சின் வெந்நீர்த் தொட்டி சொன்ன பாடம் இதுவே: இயந்திரம் காத்திருக்கட்டும், மனிதர் உறங்கட்டும்.

மலிவு நேரமும் இடம் மாறும்

இன்னொரு செய்தி. இரவுதான் என்றும் மலிவான நேரம் என்று எண்ணிவிடக் கூடாது. சூரிய ஒளி மின்சாரம் பெருகியதால், பிரான்சில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இரவில் இருந்த மலிவு நேரத்தின் ஒரு பகுதியைப் பகலுக்கு மாற்றும் பணி 2025 நவம்பரில் தொடங்கியது. நாளை நம் நாட்டிலும் உச்சநேரம் மாறலாம். விலை வேறுபாடும் மாறலாம். இன்றைய அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட, 'எப்பொழுது பயன்படுத்துகிறோம்' என்று கேட்டுப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வளர்ப்பதே நிலைத்த பயன் தரும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதையே ஒரு சிறு திட்டப்பணியாகக் கொடுத்துப் பாருங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒவ்வொரு நாளும் பிற்பகல் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் வீட்டு மீட்டரின் எண்ணைப் பெற்றோர் துணையுடன் குறித்துவரச் சொல்லுங்கள். வேலை நாள்களின் உச்சநேரப் பயன்பாட்டைக் கூட்டி, வார மொத்தத்தில் அது எத்தனை விழுக்காடு என்று கணக்கிடச் சொல்லுங்கள். 63உடன் ஒப்பிடட்டும். தசமம், விழுக்காடு, சராசரி, பட்டைக் குறிவரைவு அனைத்தும் இதில் அடங்கிவிடும். அதோடு, தோட்டத்தில் வாழ்ந்த தாத்தாவிடமோ பாட்டியிடமோ 'உங்கள் காலத்தில் விளக்கு எத்தனை மணிக்கு அணையும்?' என்று ஒரு கேள்வி கேட்டுவரச் சொல்லுங்கள். கணிதமும் வரலாறும் ஒரே ஏட்டில் எழுதப்படும்.

அயர்லாந்து வீடுகளில் மாற்றத்தைக் கொண்டுவந்ததில் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய அட்டைக்கும் சிறுதிரைக்கும் பங்கு இருந்தது. நம் வீடுகளில் அந்த வேலையைக் கணக்கறிந்த ஒரு பிள்ளை செய்ய முடியும். கற்பிப்போம், கணக்கிடுவோம், பிறகு முடிவெடுப்போம்.